உஷார்! அந்த ஒரு வரியைப் படிக்காமல் வீட்டுக்கு அக்ரிமென்ட் போடாதீர்கள்

குளத்தூர், விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று இந்தக் கரிசல் சீமையில் யாராவது பூர்வீக வீட்டை விற்கப் போகிறீர்களா? பேனாவைக் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். அவசரமாகத்தான் எழுதுகிறேன். குளத்தூரில் என் சித்தி அக்ரிமென்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் நான் தற்செயலாக வீட்டுக்குள் நுழைந்தேன். நான் வந்த பஸ் அரைமணி நேரம் பிந்தியிருந்தால் அந்த வீடு அன்றைக்கே கைவிட்டுப் போயிருக்கும்.

சித்தப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது. மூத்தவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், இளையவன் அபுதாபியில். ஐந்து சென்ட் இடம், நடுவில் மட்டப்பா வீடு, பின்னால் ஒரு வேப்பமரம். மேற்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை ஒரு விரிசல். சித்திக்கு முட்டுவலி. "வித்துட்டு எங்கூட வந்துரும்மா" என்று மூத்தவன் சொன்ன மறுவாரமே தரகர் வந்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்தான். மாட்டுத் தரகில் தொடங்கி, சீமைக் கருவேல் வெட்டுக் குத்தகை பார்த்து, அப்புறம் சோலார் கம்பெனிகளுக்கு நிலம் பிடித்துக் கொடுத்து வளர்ந்தவர். சித்தப்பா சாவுக்கு வந்து கடைசிவரை நின்றவர். அதனால் சித்திக்கு அவர்மேல் சந்தேகமே இல்லை.

"12 லட்சத்துக்குப் பார்ட்டி ரெடியா இருக்கு தாயி. இன்னைக்கு 50,000 அட்வான்ஸ். மிச்சத்தைப் பத்திரம் முடிக்கிற அன்னைக்கு ரொக்கமா உங்க மடியில கட்டிருதேன். நீங்க ஒண்ணுக்கும் அலைய வேண்டாம்."

முத்திரைத் தாளை வாங்கிப் பார்த்தேன். வாங்குகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தரகருடைய சம்சாரம் பெயர் இருந்தது. கெடு 11 மாதம். மூன்றாவது பத்தியில் அந்த வரி: "தங்களுக்கோ அல்லது தாங்கள் கைகாட்டும் நபருக்கோ, தாங்கள் கோரும்போது, கிரையம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்."

தாங்கள் கைகாட்டும் நபருக்கோ. இந்த வார்த்தைகளை இன்றைக்கே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பார்ட்டி என்று ஒருவர் அன்றைக்குக் கிடையவே கிடையாது. 50,000 ரூபாயில் வீட்டைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, 11 மாதத்துக்குள் வேறு ஒருவரைத் தேடிப் பிடித்து, கூட்டி விற்று, நடுவில் நிற்கும் பணத்தை எடுத்துக்கொள்வது தரகருடைய கணக்கு. பத்திர ஆபீசில் சித்தி நேராக அந்த மூன்றாம் ஆளுக்கே கையெழுத்துப் போடுவார். தரகர் பெயரோ அவர் சம்சாரம் பெயரோ கிரையப் பத்திரத்தில் எங்கேயும் வராது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தமிழ்நாட்டில் இப்போது 7ம் 2மாக 9 சதவீதம். கைமாறுகிற வீட்டுக்கு அதை இரண்டு தடவை கட்டாமல் தப்பிப்பதற்காகவே இந்த வரியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியே போனால் என்ன நஷ்டம், சித்திக்குப் பேசிய 12 லட்சம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான். விசாரிக்க விசாரிக்கத்தான் வயிறு கலங்கியது.

முதலாவது, வீட்டு விற்பனை அக்ரிமென்டைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அப்புறம் நல்ல பார்ட்டி நாலு பேர் வந்தாலும் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். கெடு முடிந்தாலும் வில்லங்கத்தில் ஏறிய அந்தப் பதிவு தானாக அழியாது. ரத்துப் பத்திரம் எழுத அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அவர் கேட்கிற விலை தனி.

சரி, பதிவு செய்யாமல் வெறும் தாளில் எழுதிக் கொடுத்தால் செல்லாதுதானே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தத் தைரியம் வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், பதிவு செய்யாத விற்பனை அக்ரிமென்டையும் 'கிரையம் செய்து கொடு' என்று கேட்டுப் போடும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படி வழக்குப் போட கெடு தேதியிலிருந்து மூன்று வருஷம் அவகாசம் உண்டு. போதாக்குறைக்கு 2018இல் குறித்தபடி நிறைவேற்றுதல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன்னால் நீதிபதி பார்த்து, இந்த ஒப்பந்தம் நியாயமில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சொல்ல இடம் இருந்தது. இப்போது அந்த இடம் ரொம்பவே சுருங்கிவிட்டது. எழுதிக் கொடுத்தால் செய்து கொடு என்பதுதான் பொது விதி. முட்டுவலிக்காரச் சித்தி வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றை யாருமே சொல்வதில்லை. மூன்றாம் ஆளுக்கு 17 லட்சம் என்று பத்திரம் எழுதினால், 17 லட்சத்தை நான் பெற்றுக்கொண்டேன் என்று சித்திதான் கையெழுத்துப் போடுகிறார். கைக்கு வந்தது 12. வருமான வரிக்காரர்கள் பத்திரத்தில் இருக்கிற தொகையைத்தான் கேட்பார்கள். மூலதன ஆதாய வரி அதன்மேல்தான் விழும். 5 லட்சத்தைக் கொண்டுபோனவர் அன்றைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார். ரொக்கமாக மடியில் கட்டுவதாகச் சொன்னாரே, அதிலும் ஆபத்து இருக்கிறது. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம், அதுவும் வாங்கினவர் தலையில். 50,000 அட்வான்சை அன்றைக்கு அப்படியே வாங்கியிருந்தால் இன்னொரு 50,000 கட்ட வேண்டிய நிலைக்கு சித்தி போயிருப்பார்.

நான் படித்துச் சொன்னதும் தரகர் கோபப்படவில்லை. "தம்பி படிச்சவரு, சட்டம் பேசுதாரு" என்று சிரித்தார். "பார்ட்டியை நேர்ல கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி, பேசுவோம்" என்றேன். "அதெல்லாம் பத்திர ஆபீஸ்ல பாத்துக்கிடலாம்" என்றார். இந்தப் பதில் காதில் விழுந்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் கடைசி நாள்வரை சந்திக்க விடாத தரகர் எதையோ மறைக்கிறார். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கேகூட மாட்டுக்காரரும் வாங்குகிறவரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

பத்து நாள் கழித்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். வேறு ஒரு தரகர் மூலம் கேள்விப்பட்டாராம். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு சித்தியிடம், "17ன்னு சொன்னாங்கம்மா, கொஞ்சம் பாத்துக் கொறைங்க" என்றார். சித்தி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இதைக் கேட்டதும் அபுதாபிக்காரன், "தரகரே வேண்டாம், ஆன்லைன்ல போட்டுருவோம்" என்று ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தளத்தில் போட்டோக்களை ஏற்றிவிட்டான். அங்கே வேறு விதமான கண்டம் காத்திருந்தது.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அடித்தால் நம் குளத்தூரும் சென்னைக் கொளத்தூரும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வரும். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்ட குளத்தூர் தாலுகா வேறு இருக்கிறது. நம் விளம்பரம் எந்த ஊர்க் கணக்கில் போய் விழுந்தது என்றே இரண்டு நாள் தெரியவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று திரையில் வந்த மதிப்பைப் பார்த்து இளையவன் சந்தோஷத்தில் துள்ளினான். அது சென்னை விலை. 99ஏக்கர்ஸ் 2005இல் வந்தது, மேஜிக்பிரிக்ஸ் 2006இல், ஹவுசிங் 2012இல், நோபுரோக்கர் 2014இல். பெருநகரத்து அபார்ட்மென்டும் வாடகை வீடும்தான் இவற்றுக்கெல்லாம் முக்கிய வியாபாரம். ஒரே மாதிரி ஃபிளாட் நூறு இருக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் விலை சொல்லிவிடும். வருஷத்துக்கு நாலைந்து வீடு கைமாறினாலே அதிகம் என்கிற ஊரில், ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணும் சுவரும் வேறுவேறாக இருக்கும்போது அது எதை வைத்துச் சொல்லும்? அமெரிக்காவில் ஜில்லோ என்கிற பெரிய கம்பெனி, கம்ப்யூட்டர் கணித்த விலையை நம்பித் தானே வீடுகளை வாங்கி விற்கப் புறப்பட்டது. கணிப்பு பிசகி, 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்து, நாலில் ஒரு பங்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. அவ்வளவு விற்பனைக் கணக்கு கையில் இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

விளம்பரம் போட்ட மூன்றாம் நாள் ஒரு இந்திக்காரர் சித்தி நம்பருக்குக் கூப்பிட்டார். ராணுவத்தில் அதிகாரியாம், ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிப் பக்கம் குடிவரப் போகிறாராம். விலை பேசவே இல்லை, கேட்ட விலைக்குச் சம்மதம் என்றார். அடையாள அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். டோக்கன் அட்வான்ஸ் 25,000 இப்போதே போடுகிறேன், நான் அனுப்புகிற கியூஆர் படத்தை ஸ்கேன் செய்து உங்கள் நம்பரைப் போட்டால் பணம் வந்துவிடும் என்றார். சித்தி அந்தப் படத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டினார். அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். "ஆச்சி, பணம் வாங்குறதுக்குப் பின் நம்பர் போட வேண்டாம், குடுக்கிறதுக்குத்தான் போடணும்" என்று போனைப் பிடுங்கி வைத்தாள். அவள் மட்டும் இல்லையென்றால் சித்தப்பாவின் பென்ஷன் பணம் அன்றைக்குப் போயிருக்கும்.

யூபிஐயில் பின் நம்பர் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகும். உள்ளே வருவதற்கு எதையும் அழுத்த வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு இதை இன்றைக்கே சொல்லிக் கொடுங்கள். ராணுவ அடையாள அட்டையைக் காட்டி நடக்கும் இந்த மோசடி பல வருஷமாக நாடெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. பழைய கட்டில், பைக் விற்கிறவர்களிடம் தொடங்கி இப்போது வீட்டுக்காரர்களிடம் வந்திருக்கிறார்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிஷமே 1930க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குப் பறக்கும் முன்னால் முடக்கி வைக்க வழி உண்டு. வெட்கப்பட்டு மகனிடம்கூடச் சொல்லாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தால் கிடைக்க வேண்டிய பணமும் கிடைக்காது.

"மூலப் பத்திரம் பிடிஎஃப் அனுப்புங்க, ஆதார் அனுப்புங்க, லாயரிடம் காட்டணும்" என்று கேட்கிறவர்களிடமும் உஷாராக இருங்கள். முகம் தெரியாத ஆளுக்குப் பத்திரமும் ஆதாரும் சேர்த்து அனுப்புவது, சாவியையும் வீட்டு விலாசத்தையும் சேர்த்துக் கொடுப்பதுபோல. ஆள்மாறாட்டத்துக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. நேரில் வந்து வீட்டைப் பார்த்தவருக்கு மட்டும், சர்வே எண்ணும் பத்திர எண்ணும் கொடுங்கள். மிச்சத்தை அவரே பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வில்லங்கம் பார்ப்பதற்கு அங்கே காசு கிடையாது. நீங்களும் மாதம் ஒருமுறை உங்கள் வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஊரில் இல்லாத பிள்ளைகள் திருப்பூரிலோ அபுதாபியிலோ இருந்தபடியே பார்க்கலாம். அம்மாவுக்குச் செய்கிற உதவிகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

இதற்கு நடுவில் தினமும் ஒரு போன். "பிரீமியம் பிளான் எடுங்க, உங்க வீடு முதல் பக்கத்துல வரும்" என்று பெண் குரல் பேசும். சில ஆயிரம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. வீடு விற்றால்தான் காசு என்று இல்லை, விற்காவிட்டாலும் போன காசு போனதுதான். இங்கிலாந்தில் பர்ப்பிள்பிரிக்ஸ் என்று ஒரு ஆன்லைன் கம்பெனி இப்படித்தான், உள்ளூர் ஏஜென்டுகளுக்குக் கமிஷன் கொடுக்காதீர்கள், எங்களுக்குச் சின்னத் தொகை கட்டினால் போதும் என்று பெரிதாகக் கிளம்பியது. விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் உண்டு. கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்த அந்தக் கம்பெனி 2023இல் ஒரே ஒரு பவுண்டுக்குப் போட்டிக் கம்பெனியிடம் கைமாறியது. வீட்டை விற்றுக் கொடுத்தால்தான் சோறு என்கிற நிலையில் இருக்கிறவர் ஓடுகிற ஓட்டம் வேறு, காசை முன்னாலேயே வாங்கிக்கொண்டவர் ஓடுகிற ஓட்டம் வேறு. இப்படிக் காசு கட்டி ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். சொன்ன சேவையைத் தரவில்லை என்றால் 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

உள்ளூர்த் தரகர்மீது புகார் சொல்ல எங்கே போவது? ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2016இல் வந்த அந்தச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2017இல் விதிகள் போட்டார்கள். தரகர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அது ரெராவில் பதிவான புதுக் குடியிருப்பு, புது மனைப் பிரிவுகளை விற்றுக் கொடுக்கிற தரகருக்குத்தான். உங்கள் பழைய வீட்டை விற்றுக் கொடுக்கிறவருக்குப் பதிவெண் வேண்டியதில்லை. இன்றைக்குக் காலையில் ஒரு செல்போனை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வீட்டுத் தரகர் ஆகலாம். கூட்டி விற்றாலும் ஏமாற்றினாலும் ரெரா ஆணையத்துக்குப் போக வழி இல்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்த சொத்து கைமாறுகிற இடத்தில் இப்படி ஒரு ஓட்டையை விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறவே இல்லை.

அப்படியானால் எந்தப் பக்கம் போவது? நான் யோசித்து முடிவு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வீட்டை ஆன்லைன் விற்றுக் கொடுக்காது. சென்னை, கோவை ஃபிளாட்டுக்கு அது சரி. குளத்தூரில் வீடு வாங்கப் போகிறவர் பெரும்பாலும் பத்து மைல் சுற்றுவட்டத்துக்காரர், அல்லது இங்கிருந்து போய்ச் சம்பாதித்துத் திரும்புகிறவர். எந்த வீட்டுப் பையன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரிகிறார்கள், யாருக்குக் கிழக்குப் பார்த்த வாசல்தான் வேண்டும் என்பதெல்லாம் தரகருக்குத்தான் தெரியும். தூத்துக்குடி பக்கம் சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறந்ததிலிருந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமெல்லாம் நாளைக்கே தங்கம் ஆகிவிடும் என்கிற பேச்சு வேறு. அந்தப் பேச்சில் எவ்வளவு காற்று, எவ்வளவு கனம் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் தரகர் வேண்டும். அவர் கையில் கொடுக்கிற அதிகாரத்தைத்தான் குறுக்க வேண்டும். ஆன்லைனை விலை விசாரிக்க வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பைசா கட்டாமல் இலவச விளம்பரம் மட்டும், வீட்டு நம்பர் இல்லாமல், சித்தி போன் நம்பருக்குப் பதில் மகன் போன் நம்பர் கொடுத்து. மாவட்டம், தாலுகா பெயரைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

தரகருக்கென்று நான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதில் வீட்டுச் சர்வே எண் இருக்கிறது, கமிஷன் 2 பர்சன்ட் என்று இருக்கிறது, அது பத்திரம் பதிவாகிற அன்றைக்குத்தான் என்று இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கவோ விலை முடிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. பார்ட்டியை நேரில் கூட்டி வர வேண்டும். இந்த ஏற்பாடு 90 நாளைக்கு மட்டும். வேறு தரகரிடமும் சொல்வோம். நாங்களே தேடிப் பிடித்தால் கமிஷன் இல்லை. இரண்டு பேரும் கையெழுத்து, ஆளுக்கு ஒரு நகல். முதல் தரகர் அந்தத் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மோட்டார் சைக்கிள்காரரை அனுப்பிய இரண்டாமவர், வயசில் சின்னவர், "இவ்வளவுதானக்கா, போட்டுருவோம்" என்று கையெழுத்துப் போட்டார். யாரிடம் வீட்டைச் சொல்லலாம் என்பதற்கு எனக்கு வேறு பரிசோதனை தேவைப்படவில்லை.

'பவர்' என்று கேட்டால் மட்டும் எந்தத் தரகருக்கும் கொடுக்காதீர்கள். "வெளியூர்ல இருக்கீங்க, அலைய வேண்டாம், பவர் எழுதிக் குடுங்க" என்று இனிமையாகத்தான் கேட்பார்கள். பவர் பத்திரத்தை வைத்து நடக்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் பவர் கையில் இருக்கிறவர் உங்கள் சார்பில் முறையான கிரையமே எழுதிக் கொடுத்துவிட்டால் அது உங்களைக் கட்டும். அவசியம் என்றால் ரத்த உறவுக்கு மட்டும் கொடுங்கள். குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்குப் பொது அதிகாரம் கொடுப்பதற்குப் பதிவுக் கட்டணமே 2023 ஜூலையிலிருந்து சொத்து மதிப்பில் 1 சதவீதம் ஆகிவிட்டது. அந்தச் செலவையும் நானே ஏற்கிறேன் என்று ஒரு தரகர் சொன்னால், அவர் எதில் அதை எடுக்கப் போகிறார் என்று யோசியுங்கள்.

விற்கப் போகிற வீட்டில் குறை இருந்தால் அதுதான் தரகர் கையில் அரிவாள். சித்தி வீட்டில் இரண்டு குறை. பட்டா இன்னும் சித்தப்பா பெயரில் இருந்தது. "பட்டா உங்க பேர்ல இல்ல, இது விலை போகாது தாயி" என்று முதல் தரகர் சொல்லித்தான் 12க்கு இறக்கியிருக்கிறார். வாரிசுச் சான்று வாங்கி, இ-சேவை மையத்தில் மனுப் போட்டு மாற்றுகிற சங்கதி அது. மாதக் கணக்கில் அலைச்சல்தான், ஆனால் லட்சக் கணக்கில் விலையைக் குறைக்க அது காரணம் இல்லை. மகள் இருக்கிற வீட்டில் அவளையும் சேர்த்தே பாகம் பேசி முடித்துவிட்டுப் பார்ட்டியைத் தேடுங்கள், கடைசி நாளில் தங்கச்சி கையெழுத்து இல்லை என்று நின்றுபோன கிரையங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குறை அந்த மேற்குச் சுவர். கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். அஸ்திவாரம் கரிசலைத் தாண்டிக் கெட்டித் தரைவரை போகாத பழைய வீடுகளில் விரிசல் சகஜம். தரகர் அதில் ஒரு ரூபாய்க் காசைச் சொருகிக் காட்டி, "வீடு எறங்குது, இடிச்சுட்டுத்தான் கட்டணும், மண்ணு விலைதான் தருவாங்க" என்றாராம். விரிசல் பழையதா, இன்னும் ஓடுகிறதா என்று பார்க்காமல் அதைச் சொல்லவே முடியாது. நம் ஊர்க் கொத்தனார் ஒருவர் வந்து விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் பட்டை பூசி, ஈரம் காயும் முன்னால் ஆணியால் தேதியைக் கீறி வைத்தார். சுவர் அசைந்தால் பட்டை பிளக்கும். பிளக்காவிட்டால் அது எப்போதோ இறங்கி நின்றுபோன சுவர். கூலி 300 ரூபாய். இதை ஆன்லைன் போட்டோவும் காட்டாது, தரகரும் காட்டமாட்டார். வாங்க வருகிறவரிடம் நாமே கூட்டிப்போய்க் காட்டலாம்.

பத்திரத்தைப் பெண் பெயரில் பதிந்தால், மதிப்பு 10 லட்சம் வரை இருக்கிற சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் சலுகை இருக்கிறது. சின்ன வீடு விற்கிறவர்கள் வாங்க வருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். விலையைக் குறைக்காமலே அவருக்கு ஒரு லாபம் காட்டலாம்.

சித்தி வீடு இன்னும் விற்கவில்லை. பட்டா பெயர் மாறி வந்துவிட்டது. இளையவன் விளம்பரத்தை எடுத்துவிட்டு, விளாத்திகுளம் தாலுகா, தூத்துக்குடி மாவட்டம் என்று தலைப்பிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறான், அழைப்பெல்லாம் அவன் போனுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கப் பெய்து ஓய்ந்தது. மேற்குச் சுவரில் மூன்று பட்டையும் முழுசாக இருக்கின்றன, ஆணியால் கீறிய தேதி தெளிவாகத் தெரிகிறது. தை பிறந்ததும் மோட்டார் சைக்கிள்காரர் தன் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். 16க்குக் குறைய மாட்டேன் என்று சித்தி இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.